எட்டு லட்சம் பேர் பார்த்த பாட்டு உங்களுடையது இல்லை, தம்பி

பாளையங்கோட்டையிலிருந்து 27 வயது வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியும்படி இருந்த விவரங்களை நீக்கிவிட்டு, சாரத்தை மட்டும் தருகிறேன்.

மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்தவர். சிறுவயதில் சர்ச் பாடகர் குழுவில் கிட்டார் பிடித்தவர், அப்புறம் விடவில்லை. வாசிப்பது ஃபிங்கர்ஸ்டைல். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: கம்பியை மீட்டும் பிக் என்ற சிறு தகடு கிடையாது, கூடப் பாட ஆள் கிடையாது. கட்டைவிரல் பேஸ் கம்பிகளைப் பார்த்துக்கொள்ளும், மற்ற விரல்கள் மெட்டை வாசிக்கும், நடுநடுவே கிட்டாரின் உடம்பில் தட்டியே தாளமும் வரும். ஒரே ஆள் ஒரு குழு மாதிரி கேட்கும். வீட்டில் 14 பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறார். கல்யாண வரவேற்பு, அசனப் பண்டிகை என்னும் சர்ச் விருந்து, கிறிஸ்துமஸ் சமயம் என்று வெளி வாசிப்பும் உண்டு. யூடியூப் சேனலில் 41,000 பேர். எல்லாம் சேர்த்து மாதம் 20,000 முதல் 25,000 ரூபாய் வரை தேறுகிறது. அப்பா போக்குவரத்துக் கழகத்தில் ஓய்வு பெற்றவர். "இந்தப் பெட்டியத் தூக்கிட்டுத் திரிஞ்சா எவம்ல பொண்ணு தருவான்?" என்று தினமும் கேட்கிறாராம்.

இனி அவருடைய பிரச்சினைகள். பழைய சினிமாப் பாட்டு ஒன்றை அவர் கிட்டாருக்கு மாற்றி வாசித்த வீடியோவை எட்டு லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள். அதன் விளம்பர வருமானம் முழுவதையும் ஓர் இசை நிறுவனம் கிளெய்ம் போட்டு எடுத்துக்கொள்கிறது. "அதில் பாட்டு வரியே இல்லை, அவர்கள் ஆடியோவில் ஒரு நொடிகூட நான் எடுக்கவில்லை, அரேஞ்ச்மென்ட் முழுக்க என்னுடையது. கேஸ் போடலாமா?" என்று கேட்கிறார். இப்படிச் சினிமாப் பாட்டுகளின் டேப்களை, அதாவது எந்தக் கம்பியில் எந்த இடத்தை அழுத்த வேண்டும் என்று காட்டும் குறிப்புகளை, பிடிஎஃப் ஆக்கி, ஒன்று 199 ரூபாய்க்கு விற்றும் வருகிறார்.

இன்னொரு பக்கம், சென்னையில் ஒரு சிறிய லேபிள், அதாவது இசை வெளியீட்டு நிறுவனம், அவருடைய சொந்த இசைத்துண்டுகள் ஒன்பதுக்கு மொத்தமாக 75,000 ரூபாய் தருவதாகச் சொல்லி, மின்கையெழுத்துப் போடுவதற்கு லிங்க் அனுப்பியிருக்கிறது. "அதையெல்லாம் அறுநூறு பேர்கூடப் பார்ப்பதில்லை சார், சும்மா கிடக்கிறதுக்குக் காசு வந்தால் நல்லதுதானே? லிங்க்கில் ஓடிபி போடுவதுதானே, பத்திரத்தில் கையெழுத்து இல்லையே?" என்கிறார்.

கடைசியாக, குற்றாலம் சீசனில் ஒரு ரிசார்ட்டில் நான்கு சனிக்கிழமை வாசித்ததற்கு 20,000 ரூபாய் பாக்கி. அப்பா வற்புறுத்தும் குரூப் 4 தேர்வை எழுதலாமா என்ற கேள்வியும் வாலாக ஒட்டிக்கொண்டிருக்கிறது.

தம்பி, முதலில் ஒன்று. அந்த லிங்க்கைத் தொடாதீர்கள். ஓடிபி போட்டு முடிக்கிற மின்கையெழுத்தும் கையெழுத்துதான். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ல் வந்தது, மின்வழி ஒப்பந்தமும் செல்லும் என்று அதிலேயே இருக்கிறது. பத்திரம், முத்திரை, சாட்சி எல்லாம் இருந்தால்தான் கையெழுத்து என்ற எண்ணம் நம் ஊரில் நிலப் பதிவைப் பார்த்துப் பார்த்து வந்தது. பதிப்புரிமையை எழுதிக்கொடுக்க அது எதுவும் தேவையில்லை. நீங்கள் கையொப்பமிட்ட எழுத்து ஒன்று இருந்தால் போதும்.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். எது உங்களுடையது இல்லையோ அதற்காகக் கோர்ட்டுக்குப் போகத் தயாராக இருக்கிறீர்கள். எது முழுக்க உங்களுடையதோ அதைச் சும்மா கிடக்கிறது என்கிறீர்கள். மற்ற பதில்கள் எல்லாம் இதிலிருந்துதான் வருகின்றன.

எட்டு லட்சம் பார்வை

சினிமாப் பாட்டு ஒன்றில் வரிக்கு ஓர் உரிமை, மெட்டுக்கு ஓர் உரிமை, ஒலிப்பதிவுக்கு ஓர் உரிமை. நீங்கள் வரியைத் தொடவில்லை, ஒலிப்பதிவையும் எடுக்கவில்லை. சரி. ஆனால் மெட்டு? எட்டு லட்சம் பேர் கேட்டது அந்த மெட்டைத்தானே. 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இசைப் படைப்பைப் பற்றிப் பேசும்போது, அதை வேறு கருவிக்கு ஏற்ப மாற்றியமைப்பதையும், அதாவது நீங்கள் சொல்கிற அதே அரேஞ்ச்மென்ட்டையும், உரிமையாளர் மட்டுமே செய்யக்கூடிய காரியங்களின் பட்டியலில் பெயர் சொல்லியே வைத்திருக்கிறது. உங்கள் உழைப்பைச் சட்டம் குறைத்து மதிப்பிடவில்லை. மூன்று நிமிடப் பாட்டின் வயலினையும் தபலாவையும் ஆறு கம்பியில் அடக்குவது எவ்வளவு கஷ்டம் என்பது கேட்டாலே தெரிகிறது. ஆனால் அனுமதி வாங்காமல் பட்ட கஷ்டம் உரிமையாக மாறாது.

கூடவே உலவும் சில நம்பிக்கைகளையும் இங்கேயே முடித்துவிடலாம். ஏழு நொடிக்குக் குறைவாக எடுத்தால் தப்பில்லை என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. 'உரிமை அனைத்தும் உரியவருக்கே' என்று வீடியோவின் கீழே எழுதுவதால் ஒரு பாதுகாப்பும் கிடையாது. இசையமைப்பாளரே வந்து பாராட்டிக் கமெண்ட் போட்டாலும், அந்தப் பாட்டின் உரிமை பெரும்பாலும் அவரிடம் இருக்காது, நிறுவனத்திடம்தான் இருக்கும். ஐந்து வருஷம் ஆன பாட்டை யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம் என்று நண்பர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் அதே சட்டத்தின் 31சி பிரிவைப் பாதிதான் படித்திருக்கிறார். அது ஒலிப்பதிவுக்கு மட்டும், வீடியோவுக்குப் பொருந்தாது. முன்கூட்டியே நோட்டீஸ் கொடுக்க வேண்டும், ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கான ராயல்டியை முன்பணமாகக் கட்டவும் வேண்டும். முருகன்குறிச்சியில் ஓர் அறையில் மைக் வைத்துப் பதிவு செய்கிறவருக்காக எழுதப்பட்ட பிரிவு அல்ல அது.

ஆகவே கேஸ் வேண்டாம். யூடியூப்பில் அந்தக் கிளெய்மை எதிர்த்து 'நான் சொந்தமாக வாசித்தது' என்று டிஸ்ப்யூட்டும் போடாதீர்கள். இப்போது இருப்பது வெறும் கிளெய்ம்: வீடியோ இருக்கும், பணம் அவர்களுக்குப் போகும், சேனலுக்குச் சேதமில்லை. டிஸ்ப்யூட் தோற்று, அப்பீல் போய், அவர்கள் வீடியோவை நீக்கச் சொன்னால் அது ஸ்ட்ரைக், அதாவது சேனலின் மேல் விழும் குற்றப்புள்ளி, ஆகிவிடும். 90 நாளுக்குள் மூன்று ஸ்ட்ரைக் சேர்ந்தால் சேனலே போய்விடும், 41,000 பேரும் சேர்ந்து போவார்கள். யூடியூப்பின் பார்ட்னர் திட்டத்தில் இருப்பவர்களுக்குச் சில கவர் வீடியோக்களின், அதாவது பிறர் பாட்டை மறுபடி வாசிக்கும் வீடியோக்களின், வருமானத்தில் பங்கு தருகிற வழி உண்டு. உங்கள் வீடியோவுக்கு அது திறந்திருக்கிறதா என்று சேனலின் வருமானப் பக்கத்தில் பாருங்கள். இல்லையென்றால் அந்த வீடியோவை உங்களுக்கான விளம்பரப் பலகை என்று நினைத்துக்கொள்ளுங்கள். கல்யாண வீட்டுக்காரர்கள் அதைப் பார்த்துத்தானே போன் செய்கிறார்கள்?

பிடிஎஃப் விஷயம் இதைவிட ஆபத்தானது. இசையை எழுத்தில், குறிகளில் எழுதுவதும் சட்டத்தின் கண்ணில் அந்த இசைப் படைப்பேதான். வீடியோவுக்காவது யூடியூப்புக்கும் நிறுவனங்களுக்கும் நடுவே ஓர் ஏற்பாடு இருக்கிறது. நீங்கள் நேரடியாக 199 ரூபாய்க்கு விற்பதற்கு எந்த ஏற்பாடும் இல்லை. அது பணம் வாங்கிக்கொண்டு செய்யும் மீறல். இன்றே விற்பனையை நிறுத்துங்கள். வகுப்பில் உட்கார்ந்து பிள்ளைகளுக்கு எந்தக் கம்பி, எந்த ஃப்ரெட் என்று காட்டிக்கொடுப்பதற்கு யாரும் வரப்போவதில்லை. டேப் விற்கத்தான் வேண்டுமென்றால் உங்கள் சொந்தத் துண்டுகளின் டேப்பை விற்றுப் பாருங்கள். உலகம் முழுக்க ஃபிங்கர்ஸ்டைல் வாசிப்பவர்களுக்கு அது ஒரு வழக்கமான வருமானம்.

கல்யாணத்தில் வாசித்தாலும் கேஸ் வருமா என்று பயந்து கேட்டிருக்கிறீர்கள். வராது. மதச் சடங்கில் வாசிப்பதற்கு 52-வது பிரிவு விலக்கு தருகிறது; கல்யாண ஊர்வலமும் கல்யாணத்தோடு சேர்ந்த கொண்டாட்டங்களும் அதில் அடங்கும் என்று விளக்கமும் உண்டு. 2023 ஜூலையில் மத்திய அரசின் தொழில் துறையே இதை மறுபடி சொல்லி அறிவிப்பு வெளியிட்டது. ரிசார்ட்டின் புத்தாண்டு விருந்து இந்தக் கணக்கில் வராது. அங்கே உரிமம் எடுக்க வேண்டியவர் நிகழ்ச்சி நடத்துகிறவர். அதை உங்கள் ஒப்பந்தத்தில் ஒரு வரியாகப் போட்டுவிடுங்கள்.

அறுநூறு பேர் பார்த்த ஒன்பது

இனி உங்கள் சொத்துக்கு வருவோம். இரவு ஒரு மணிக்கு மேல், பஸ் சத்தம் அடங்கி, தெரு நாயும் குரைக்காத நேரமாகப் பார்த்துப் பதிவு செய்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படிப் பதிவான ஒவ்வொரு துண்டிலும் உங்களுக்கு மூன்று உரிமைகள் இருக்கின்றன. இசையமைத்தவர் நீங்கள், அந்த உரிமை உங்கள் ஆயுள் முழுக்கவும், அதற்குப் பிறகு 60 ஆண்டும் நிற்கும். ஒலிப்பதிவைத் தயாரித்தவரும் நீங்கள். முன்கை எடுத்து, செலவும் பொறுப்பும் ஏற்றவர்தான் தயாரிப்பாளர், அதற்கு ஸ்டூடியோ தேவையில்லை. வெளியான பிறகு 60 ஆண்டு அந்த உரிமை. வாசித்த கலைஞரும் நீங்கள். அதற்குத் தனியாக 50 ஆண்டு. சினிமாவில் இந்த மூன்றும் மூன்று பேரிடம் இருக்கும், அவர்கள் அடித்துக்கொள்வார்கள். உங்களிடம் மூன்றும் ஒரே கையில் இருக்கின்றன. தனியாக இயங்கும் கலைஞனுக்கு இதைவிட நல்ல நிலை சட்டத்தில் கிடையாது.

பதிவு செய்தால்தான் உரிமை வரும் என்று நீங்கள் நினைப்பது சரியல்ல. படைத்த நேரத்திலேயே உரிமை வந்துவிட்டது. தனக்குத்தானே பதிவுத் தபால் அனுப்பிக்கொள்ளும் பழைய வித்தையும் வேண்டாம். பதிப்புரிமை அலுவலகத்தில் ஓர் இசைப் படைப்பைப் பதிய 500 ரூபாய், ஒலிப்பதிவுக்கு 2,000 ரூபாய், ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம். பின்னால் வழக்கு வந்தால் அந்தப் பதிவு முதல்நிலைச் சாட்சியாக நிற்கும். ஒன்பதையும் பதியச் சொல்லவில்லை, உங்களுக்கே மிகவும் பிடித்த இரண்டு மூன்றை மட்டும் பதியுங்கள். மற்றவற்றுக்கு, திருத்தங்களோடு கூடிய மூலப் பதிவுக் கோப்புகளை அழிக்காமல் தேதியோடு வைத்திருந்தாலே பெரிய பலம்.

ஒன்பதில் ஒன்று காவடிச்சிந்து மெட்டில் தொடங்குகிறது என்று சொல்லியிருக்கிறீர்கள். கேட்டேன், நன்றாக இருக்கிறது. கழுகுமலை முருகனைப் பாடிய சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் 1891-ல் மறைந்தார். அந்தப் படைப்பு எல்லோருக்கும் பொது. அதை நீங்கள் கிட்டாருக்கு அமைத்த விதம் உங்களுக்குச் சொந்தம். ஆனால் யாரோ ஒருவர் பாடிய இசைத்தட்டில் அவர் சேர்த்த சங்கதிகளையும் பின்னணி இசையையும் அப்படியே எடுத்திருந்தால் அது வேறு கதை. லேபிள் ஒப்பந்தத்தில் 'ஒன்பதும் முழுக்கச் சொந்தப் படைப்பு' என்று உறுதிமொழி கேட்கிறார்கள். இந்த ஒன்றுக்கு 'மரபு மெட்டு, கிட்டார் அமைப்பு என்னுடையது' என்று திருத்தி எழுத வேண்டும். இப்போது இருப்பதுபோலக் கையெழுத்திட்டால், நாளைக்கு ஏதாவது சிக்கல் வந்து அவர்களுக்கு நஷ்டம் ஆனால் அதை நீங்கள் ஈடுகட்ட வேண்டும் என்று பதினொன்றாவது பத்தி சொல்கிறது.

எங்கள் பக்கம் இப்படிப் பொதுச்சொத்து நிறையவே கிடக்கிறது என்பதை ஒரு ரசிகனாகச் சொல்லிவைக்கிறேன். முத்துசுவாமி தீட்சிதர் எட்டயபுரத்தில்தான் 1835-ல் மறைந்தார். மேற்கத்திய மெட்டுகளுக்கு அவர் எழுதிய நோட்டுஸ்வரங்கள் கிட்டாரில் எப்படி உட்காரும் என்று யோசித்துப் பாருங்கள். கிளெய்ம் போட ஆள் கிடையாது. கிடையாது என்றா சொன்னேன்? யூடியூப்பின் இயந்திரம் சில சமயம் வேறொருவரின் பதிவோடு குழப்பிக்கொண்டு பொதுச்சொத்துக்கும் கிளெய்ம் அனுப்பும். அப்போது நீங்கள் தைரியமாக டிஸ்ப்யூட் போடலாம். பதில் சொல்ல அவர்களுக்கு 30 நாள்தான்.

அந்த ஒப்பந்தம்

நீங்கள் அனுப்பிய ஆறு பக்கத்தையும் படித்தேன். இது உரிமம் அல்ல, உரிமை மாற்றம். வயலைக் குத்தகைக்கு விடுவதற்கும் கிரயம் எழுதிக்கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் உங்கள் அப்பாவுக்கு நன்றாகத் தெரியும், அவரிடமே கேட்டுப் பாருங்கள். இரண்டாவது பத்தியில் இசை, ஒலிப்பதிவு, வாசிப்பு ஆகிய மூன்று உரிமைகளையும் 'என்றென்றைக்கும், உலகம் முழுவதும், இனி கண்டுபிடிக்கப்படும் எல்லா ஊடகங்களிலும்' எழுதி வாங்குகிறார்கள்.

ஒரு கணக்கு போடுவோம். 75,000-ஐ ஒன்பதால் வகுத்தால் ஒரு துண்டுக்கு 8,333 ரூபாய். நீங்கள் 80 வயது வரை இருந்தால், இன்னும் 53 ஆண்டு, அதன் மேல் 60 ஆண்டு, ஆக 113 ஆண்டு. வருஷத்துக்கு 74 ரூபாய்கூட இல்லை. ஒரு செட் கிட்டார் கம்பி என்ன விலை விற்கிறது?

சட்டம் உங்களுக்குச் சில கவசங்களைத் தந்திருக்கிறது. அவற்றில் முக்கியமானவை 2012-ம் ஆண்டுத் திருத்தத்தில் வந்தவை. இன்று இல்லாத ஊடகத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிடாமல் 'இனி வருவதெல்லாம்' என்று மொத்தமாக எழுதி வாங்கினால் அது செல்லாது. இசையமைப்பாளருக்குச் சேர வேண்டிய ராயல்டியில் சமபங்கை விட்டுக்கொடுக்கிறேன் என்று நீங்களே கையெழுத்திட்டாலும் செல்லாது. எனவே ஏழாவது பத்தியில் 'மேற்கொண்டு எந்த ராயல்டியும் கோர மாட்டேன்' என்று இருப்பதைப் பார்த்து நான் பயப்படவில்லை. ஆனால் அவசரப்பட்டு, 'செல்லாதென்றால் கையெழுத்துப் போட்டுவிடலாமே' என்று முடிவு செய்யாதீர்கள். செல்லாது என்று சட்டம் சொல்வது ஒன்று, கணக்கு காட்டாத நிறுவனத்திடமிருந்து அந்தப் பணத்தை வாங்குவது இன்னொன்று. நடுவில் இருப்பது வழக்குச் செலவு.

இன்னும் இரண்டு கவசங்களை அவர்கள் சாமர்த்தியமாகக் கழற்றிவிட்டார்கள். காலம் எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு, இடம் எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்று 19-வது பிரிவு எடுத்துக்கொள்ளும். இவர்களோ 'என்றென்றைக்கும், உலகம் முழுவதும்' என்று எழுதிவிட்டார்கள். வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அது உங்களிடமே திரும்பும் என்பது அதே பிரிவின் இன்னொரு நல்ல ஏற்பாடு, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை. ஐந்தாம் பத்தியின் கடைசி வரியை நிதானமாகப் படியுங்கள். '19(4) பொருந்தாது' என்று ஒரே ஒரு வரி. வெளியிடாமல் அலமாரியில் பூட்டி வைத்தாலும் உங்களால் ஒன்றும் செய்ய முடியாது. இந்த ஒரு வரிக்காகவே நான் இந்த ஒப்பந்தத்தைத் திருப்பி அனுப்பியிருப்பேன்.

நீங்கள் கேட்காத ஒன்றும் உள்ளே இருக்கிறது. ஐந்து ஆண்டுக்கு உங்கள் வாசிப்பு எல்லாமே அவர்களுக்கு மட்டும், சேனலின் நிர்வாகமும் அவர்களிடம். ஒப்பந்தம் முடிந்த பிறகும் தொழில் செய்யாதே என்று கட்டிப்போட்டால் 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவு காப்பாற்றும். ஒப்பந்தம் நடப்பில் இருக்கும் காலத்துக்கு 'எனக்கு மட்டும் வாசி' என்ற நிபந்தனையை நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்றுக்கொள்கின்றன. அதாவது அசனத்தில் வாசிப்பதற்குக்கூட சென்னையில் ஒருவரிடம் கேட்க வேண்டிய நிலை வரலாம். வழக்கு என்றால் சென்னை நீதிமன்றம் மட்டும் என்றும் எழுதியிருக்கிறார்கள். பதிப்புரிமை மீறலுக்கு நீங்கள் குடியிருக்கும் ஊரின் மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம் என்று பதிப்புரிமைச் சட்டத்தின் 62-வது பிரிவு கொடுத்த வசதியை அந்த வரியைக் காட்டித்தான் மறுப்பார்கள்.

என்ன செய்யலாம்? லேபிளே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். நல்ல லேபிள் கொண்டுபோய்ச் சேர்க்கும் இடங்களுக்கு நாம் தனியாகப் போக முடியாது. அமெரிக்காவின் கன்சாஸ்காரர் ஆண்டி மெக்கீ 2006-ல் யூடியூப்பில் பேர் வாங்கியது சொந்த இசையை வாசித்து. அந்த வீடியோக்களை ஏற்றியது ஒரு சிறிய லேபிள்தான். கொரியாவின் சுங்ஹா ஜங் சிறுபையனாகக் கவர் வாசித்து ஆரம்பித்தவர், பிறகு சொந்த இசையோடு ஆல்பங்கள் போட்டார். கவர் கூட்டத்தைக் கொண்டுவந்தது, சொந்த இசை அவரை நிறுத்தியது. ஆகவே லேபிளுக்குக் கிரயத்துக்குப் பதிலாகக் குத்தகை பேசி ஒரு மாற்று வரைவு அனுப்புங்கள்:

- ஒலிப்பதிவுக்கு மட்டும் உரிமம். இசையமைப்பு உரிமை உங்களிடமே இருக்கும்.
- காலம் மூன்று ஆண்டு. ஆறு மாதத்துக்குள் வெளியிடாவிட்டால் தானாகவே ரத்து.
- 75,000 என்பது விலையாக இல்லாமல் முன்பணமாக இருக்கட்டும். அது கழிந்த பிறகு வருமானத்தில் பாதிக்குப் பாதி கேளுங்கள், நாற்பதில் வந்து நின்றாலும் சரி. கணக்கு ஆண்டுக்கு இரண்டு தடவை எழுத்தில் வர வேண்டும்.
- சேனல் இந்த ஒப்பந்தத்துக்கு வெளியே. நேரில் வாசிப்பது, சொல்லிக்கொடுப்பது, டேப் விற்பது எல்லாம் வெளியே.
- எங்கே வெளியானாலும் உங்கள் பெயர்.

முடியாது என்றால் விட்டுவிடுங்கள். ஆன்லைன் விநியோகச் சேவைகள் வழியாக நீங்களே ஸ்பாடிஃபை முதலிய தளங்களில் ஏற்றலாம். பெரிய பணம் எதிர்பார்க்க வேண்டாம். 2024-லிருந்து ஸ்பாடிஃபையில் ஒரு பாட்டு 12 மாதத்தில் 1,000 முறையாவது ஓடினால்தான் ராயல்டியே சேரும். உங்கள் 600 பேர் அந்தக் கோட்டுக்குக் கீழேதான் இருக்கிறார்கள், உண்மையை மறைப்பானேன். ஆனால் எட்டு லட்சம் பார்வை வந்த வீடியோவின் முடிவில் உங்கள் சொந்தத் துண்டுக்கு ஒரு லிங்க்கூட இல்லையே, அதை ஏன் செய்யவில்லை? வழக்கறிஞர் கேட்கிற கேள்வி இல்லைதான்.

இன்னொரு வேலை: ஐபிஆர்எஸ் என்னும் இந்திய இசை நிகழ்த்துரிமைச் சங்கத்தில் இசையமைப்பாளராகச் சேருங்கள். 1969-ல் தொடங்கியது, 2017-ல் பதிப்புரிமைச் சங்கமாக மறுபதிவு பெற்றது. உங்கள் இசை வானொலியிலோ ஓட்டலிலோ மேடையிலோ ஒலித்தால் வசூலித்துப் பிரித்துத் தருவது அவர்கள் வேலை. முதலில் அங்கே சேர்ந்துவிட்டால் இன்னொரு லாபமும் உண்டு. சங்கத்துக்கு ஏற்கெனவே கொடுத்த உரிமைக்கு முரணாக யாருக்கு எழுதிக்கொடுத்தாலும் அது செல்லாது.

குற்றாலத்துப் பாக்கி

இது சிவில் பாக்கி. அப்பாவின் நண்பர் சொன்னதுபோல் ஸ்டேஷனில் புகார் கொடுத்தால் கட்டப்பஞ்சாயத்தில்தான் முடியும், பாதிப் பணத்துக்கு ஒத்துக்கொள்ளச் சொல்வார்கள். மூன்று ஆண்டு காலக்கெடு இருப்பதால் பதற வேண்டாம். ஆனால் சீசன் முடிந்து மேனேஜர் மாறிவிட்டால் பேச ஆள் இருக்காது. நாள், கட்டணம், வந்த 4,000 முன்பணம், 'அடுத்த வாரம் போட்டுர்றேன் தம்பி' என்ற பதில் எல்லாம் வாட்ஸ்அப்பில் இருப்பதாகச் சொன்னீர்கள். அந்த போனை மாற்றாதீர்கள், ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. கோர்ட்டுக்குப் போனால் மின்னணுச் சாட்சிக்குச் சான்றிதழ் கேட்பார்கள். மூலக் கருவி கையில் இருந்தால் வேலை சுலபம்.

முதலில் 15 நாள் கெடு வைத்து மரியாதையாக ஒரு கடிதம், ஸ்பீட் போஸ்ட்டில். அடுத்தது வக்கீல் நோட்டீஸ். அதற்கும் அசையாவிட்டால், குற்றாலம் 2019-லிருந்து தென்காசி மாவட்டம் என்பதால், தென்காசி நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் குழுவில் வழக்குக்கு முந்தைய சமரச மனு கொடுங்கள். நீதிமன்றக் கட்டணம் கிடையாது. லோக் அதாலத் என்னும் மக்கள் நீதிமன்றத்தில் இருவரும் ஒத்துக்கொண்டு போடும் தீர்ப்பு சிவில் நீதிமன்ற உத்தரவுக்குச் சமம், அதன்மேல் அப்பீலும் இல்லை. 20,000 ரூபாய்க்கு முழு வழக்கு நடத்துவது உங்களுக்குக் கட்டுப்படியாகாது.

சாரலில் கிட்டாரின் மேல்பலகை உப்பிவிட்டது, அதற்கு நஷ்ட ஈடு கேட்கலாமா என்பதற்கு: கஷ்டம். திறந்த முற்றத்தில் உட்கார ஒத்துக்கொண்டவர் நீங்கள்தான். அடுத்த தடவை கூரையுள்ள இடம், பாதி முன்பணம், வாசிக்கும் நேரம், மழையால் ரத்தானால் என்ன தருவார்கள் என்பதை நாலு வரியில் எழுதி, அவர்கள் 'சரி' என்று பதில் போட்ட பிறகு கிளம்புங்கள்.

அப்பாவும் குரூப் 4-ம்

எழுதுவதா வேண்டாமா என்பதை நீங்களும் அப்பாவும் பேசி முடிவு செய்யுங்கள். சட்டம் சொல்வதை மட்டும் சொல்கிறேன். அரசு வேலைக்குப் போனால் கிட்டாரைப் பரணில் போட வேண்டும் என்பது தவறு. தமிழ்நாட்டு அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1973-ம் ஆண்டைச் சேர்ந்தவை. அவ்வப்போது செய்கிற கலைப் பணி வேறு, தொடர்ந்து பணம் வருகிற தொழில் வேறு. மாதாமாதம் விளம்பர வருமானம் வரும் சேனல், கட்டணம் வாங்கும் வகுப்பு, இவற்றுக்கு முன் அனுமதி வாங்குவதே முறை. வேலையில் சேரும்போதே எழுத்தில் கேட்டுவிட வேண்டும். சேனலை அம்மா பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

அப்பாவின் கேள்விக்கு வேறொரு பதிலும் இருக்கிறது. உங்கள் வருமானம் கைக்குக் கையாக வந்து போவதால் யார் கண்ணுக்கும் தெரியவில்லை. வரி கட்ட வேண்டிய அளவு இல்லாவிட்டாலும் இந்த ஆண்டிலிருந்து வருமான வரி ரிட்டன் போடுங்கள். தனி வங்கிக் கணக்கு வையுங்கள், கல்யாண வாசிப்புக்கும் ரசீது கொடுங்கள். நிறுவனங்கள் வரி பிடித்திருந்தால் அதையும் திரும்பக் கேட்கலாம். சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும் வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை, ஆகவே அந்தப் பயமும் வேண்டாம். யூடியூப் கணக்கில் அமெரிக்க வரிப் படிவத்தை இன்னும் நிரப்பவில்லை என்றால் உடனே நிரப்புங்கள். நிரப்பாதவர்களுக்கு மொத்த வருமானத்தில் 24 சதவீதம் வரை பிடிக்கலாம், நிரப்பினால் அமெரிக்கப் பார்வையாளர்களால் வரும் பகுதியில் மட்டும் 15 சதவீதம். இரண்டு மூன்று ஆண்டு ரிட்டன் கையில் இருந்தால் வங்கி கடன் கொடுக்கும். பெண் வீட்டாரிடம் எடுத்துக் காட்டவும் அப்பாவுக்கு ஒரு காகிதம் கிடைக்கும்.

லேபிள் திருத்திய வரைவு அனுப்பினால், கையெழுத்துக்கு முன் உள்ளூரில் ஒரு வழக்கறிஞரிடம் முழுப் பிரதியையும் காட்டுங்கள். ஒப்பந்தம் படித்துச் சொல்வதற்கு வாங்கும் கட்டணம் உங்கள் ஒரு சனிக்கிழமை வாசிப்புக்குள் அடங்கிவிடும்.